மூன்று கிளட்ச் தின்ற கார்: ஆறு ஆண்டு ஏசி அனுபவம்

டர்போ (எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வலுவைக் கூட்டும் கருவி) பொருத்திய காரில் ஏசி எதற்கு என்று கேட்பவர்கள், வெயில் காலத்து நெரிசலில் அதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எடை குறையும், கழற்றிவிடு என்று சொன்னவர்கள் ஏராளம். ஆறு ஆண்டுகளாக அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டிவருகிறேன். அந்தப் பிடிவாதத்துக்கு இதுவரை மூன்று கம்ப்ரசர் கிளட்சுகள், அதாவது ஏசி வாயுவை அழுத்தும் கம்ப்ரசரை எஞ்சினோடு சேர்த்துப் பிரிக்கும் பகுதிகள், பலியாகியிருக்கின்றன.

நான் செய்த மாற்றங்கள் இவை: டர்போ, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கு முன்னால், டர்போ காற்றைக் குளிர்விக்கும் ஓர் இன்டர்கூலர், எடையைச் சமன்செய்யப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோன பேட்டரி, பழைய ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுத்துவிட்டு வைத்த தனி ஈசியூ. கடைசியில் பார்த்தால் இந்த நான்கும்தான் குற்றவாளிகள். மாட்டிக்கொண்டு அடி வாங்கியது மட்டும் கிளட்ச்.

எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரசரின் புல்லி பெல்ட்டோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன்னால், அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு ஒரு தட்டு நிற்கிறது. உள்ளே இருக்கும் காயிலுக்கு மின்சாரம் போனதும் தட்டு புல்லியோடு ஒட்டிக்கொள்ளும், கம்ப்ரசர் சுற்றும். ஏசியைப் போட்டதும் கேட்கும் ‘டக்’ அதுதான்.

டர்போ வைத்த எட்டாம் மாதம் அந்த ‘டக்’ நின்றுபோனது. ஃபியூஸும் ரிலேயும் நன்றாக இருந்தன. காயிலில் மல்டிமீட்டரை வைத்தால் முள் அசையவே இல்லை, சுற்று அறுந்திருந்தது. பல காயில்களுக்குள் ஒரு வெப்ப ஃபியூஸ் உண்டு. அளவு மீறிச் சூடானால் அது எரிந்து சுற்றைத் துண்டித்துவிடும். டர்போவின் புகைபோக்கிப் பகுதி கம்ப்ரசரிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. புதிய கிளட்சோடு ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் வைத்தேன். ஏசி வாயுவைத் திறக்காமலேயே கிளட்சை மட்டும் மாற்றிவிடலாம் என்பது இதில் ஒரு நிம்மதி.

இரண்டாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் குளிர்ச்சி பிரமாதம். ஒரு மணி நேரம் ஓடியபின் அனல் காற்று, லேசான கருகல் வாடை. தட்டின் முகம் நீலம் பாரித்திருந்தது. வழுக்கிச் சூடான அடையாளம். தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும் என்று இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தேன். 0.5 மி.மீ. குறையே இல்லை. கனெக்டரைக் கழற்றி மின்னழுத்தம் அளந்தேன், 13.8 வோல்ட். அதுவும் சரி. கிளட்ச்தான் மட்டம் என்று தீர்மானித்துத் திட்டத் தொடங்கினேன்.

என் முட்டாள்தனம் அந்தக் கழற்றி அளந்த அளவில் இருந்தது. மின்சாரம் ஓடாத கம்பியில் இந்த மாதிரிப் பழுது வெளியே தெரியாது. எல்லாம் சூடேறி, காயில் இணைப்பில் இருக்கும்போது கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் ஊசியை நுழைத்து அளந்தபோது 11 வோல்ட்தான் வந்தது. பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனபோது எஞ்சினுக்கு நான் போட்ட மண் (எர்த்) இணைப்பு மெல்லிய கம்பி, அதன் முனையிலும் துரு.

ஏன் காலையில் மட்டும் வேலை செய்தது? குளிர்ந்த நிலையில் காயிலின் மின்தடை 3.6 ஓம். செம்பு சூடேறச் சூடேற மின்தடை கூடும். 120 டிகிரியில் அது ஏறக்குறைய 4.9 ஓம் ஆகிவிடும். 13.8 வோல்ட்டில் 3.8 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில், சூட்டில் 11 வோல்ட் கிடைத்தால் 2.2 ஆம்பியர்தான் போகும். இழுவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், பிடிமானம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. தடித்த கம்பி ஒன்றைப் போட்டதோடு அந்த நோய் தீர்ந்தது. நீலம் பாரித்த தட்டை மீட்க முடியவில்லை, கிளட்ச் போனது போனதுதான்.

மூன்றாவது முழுக்க என் கைவரிசை. முழு வேகம் எடுக்கும்போது ஏசி தானாக அணைய வேண்டும் என்று ஈசியூவில் எழுதும்போது, எல்லையைப் பாதித் த்ராட்டிலிலேயே (ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்த அளவிலேயே) வைத்துவிட்டேன். திரும்பச் சேர்வதற்குத் தாமதமும் வைக்கவில்லை. மலைப்பாதையில் கால் சற்று அசைந்தாலே ‘டக், டக், டக்’ என்று மரங்கொத்தி போலத் தட்டிக்கொண்டிருந்தது. அதிலும் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடும் புல்லியோடு, நின்றுகொண்டிருக்கும் கம்ப்ரசரை ஒரே இழுப்பில் சேர்த்தால் தட்டு என்ன ஆகும்! ஒரே பருவத்தில் இடைவெளி 0.9 ஆகிவிட்டது. இடைவெளியை நிர்ணயிக்கும் மெல்லிய வளையமான ஷிம் ஒன்றை எடுத்துக் குறைத்துப் பார்த்தேன், சில வாரங்களே தாங்கியது. இப்போது 85 சதவீதத்துக்கு மேல்தான் துண்டிப்பு, மூன்று விநாடி தாமதம், 4,500 சுழற்சிக்கு மேல் சேரவே சேராது.

நான்காவது கிளட்ச் இரண்டு ஆண்டுகளைக் கடந்து ஓடுகிறது. போன மாதம் அளந்தேன், 0.5 அப்படியே நிற்கிறது. இன்டர்கூலர் மறைப்பதால் நெரிசலில் நின்றால் ஏசி வாயுவின் உயரழுத்தப் பக்கம் 22 பார் (அழுத்த அலகு) வரை ஏறிக்கொண்டிருந்தது. அழுத்தம் கூடினால் கம்ப்ரசரைச் சுழற்றும் பாரமும் கூடி, கிளட்சின் பாடு திண்டாட்டம். இரண்டாவது மின்விசிறி வைத்தபின் 16-ஐ ஒட்டி நிற்கிறது. அந்த விசிறியின் இரைச்சல் மட்டும் பாட்டுக் கேட்க விடுவதில்லை.