டைல்ஸ்ல துருக்கறை: ஆசிட்டா, எலுமிச்சையா, ஆக்ஸாலிக்கா?

போர்டிகோவுல பூந்தொட்டி ஸ்டாண்டை நகர்த்தினா நாலு காலுக்கும் அடியில நாலு ஆரஞ்சு வட்டம், மொட்டை மாடி வெள்ளை கூலிங் டைல்ஸ்ல டிஷ் ஆன்டெனா காலைச் சுத்தி ஒழுகின கோடு, மழை சீசன் முடிஞ்சா பாதி வீட்ல இது இருக்கும். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க.

முதல்ல கை போறது ஆசிட் பாட்டிலுக்குத் தான். டைல்ஸ் போட்டவரே "கொஞ்சம் ஆசிட் ஊத்துங்க சார், போயிடும்"னு சொல்லிட்டுப் போவாரு. அதுல இருக்கற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவைக் கரைக்கும், பொய் இல்ல. ஆனா கரைஞ்ச இரும்பு ஃபெரிக் குளோரைடா மாறி மஞ்சத் தண்ணியா ஓடும், அது பக்கத்து சிமெண்ட் ஜாயின்ட்டுக்குள்ள இறங்குச்சுன்னா புள்ளியா இருந்த கறை பட்டையா ஆயிடும். ஊத்தினதும் ஜாயின்ட்ல புஸ்ஸுனு நுரை வருதே, அழுக்கு போகுதுன்னு நினைச்சுக்கறோம், கரையறது சிமெண்ட்டு. போதாததுக்கு அந்தப் புகை பட்டு கேட்டும் கிரில்லும் புதுசா துரு பிடிக்கும். டாய்லெட் க்ளீனர் நிறைய வகைல இருக்கறதும் இதே ஆசிட் தான், கெட்டியா கலரா வருது, அவ்வளவே.

பிளீச்சிங் பவுடர் பாசிக்கு சரி, துருவுக்கு வேஸ்ட்டு. இன்னும் சொல்லப்போனா இரும்பை ஆக்சிஜனேற்றம் பண்ணி கறையை கெட்டியாக்கி விட்டுடும். இதையும் ஆசிட்டையும் ஒண்ணா மட்டும் போட்றாதீங்க, குளோரின் வாயு வரும், நெஞ்சு அடைச்சிடும்.

எலுமிச்சைச் சாறோட உப்பு சேர்த்துத் தேய்க்கற வைத்தியம் உண்மையாவே வேலை செய்யும், புளியும் தான், பித்தளைக் குடம் தேய்க்கறவங்களுக்குத் தெரியும். பிரச்சனை என்னன்னா எலுமிச்சைச் சாறுல சிட்ரிக் ஆசிட் சுமார் 5, 6 சதவீதம் தான், வெயில்ல அஞ்சு நிமிஷத்துல காஞ்சு போயிடும். புதுக் கறைன்னா ஓகே, போன வருஷக் கறைக்கு ஒரு கூடை எலுமிச்சை பத்தாது.

அதுக்குப் பதிலா மளிகைக்கடை சிட்ரிக் ஆசிட் பவுடரை வாங்குங்க, என் ஓட்டு இதுக்குத் தான். ஒரு லிட்டர் வெந்நீர்ல 100 கிராம். ஜாயின்ட் உறிஞ்சாம இருக்க முதல்ல டைல்ஸை நல்லா தண்ணில நனைச்சுட்டு, கறை மேல டிஷ்யூ பேப்பரை நாலா மடிச்சு வச்சு இந்தத் தண்ணியை ஊத்தி, மேல பிளாஸ்டிக் கவரைப் போட்டு ஓரத்துல கல்லு வச்சுடணும், காயாம அரை மணி நேரம் இருந்தா போதும். எடுக்கும்போது பேப்பர் பழுப்பா இருக்கும், துரு அதுல ஏறிருக்குன்னு அர்த்தம். நைலான் பிரஷ்ல தேய்ச்சு நிறைய தண்ணி விடுங்க, கம்பி நாரு வேண்டவே வேண்டாம், அதோட துணுக்கு தங்கிச்சுன்னா அதுவே அடுத்த துரு.

அதுக்கும் மசியலன்னா ஆக்ஸாலிக் ஆசிட், மொசைக் பாலிஷ் போடறவங்க கடைசியா போட்டுத் தேய்க்கற வெள்ளைப் பவுடர். இரும்பைப் பிடிச்சு தண்ணில கரையற மாதிரி ஆக்கிடும், அதனால பழைய கறைல சிட்ரிக்கை விட ஒரு படி மேல. லிட்டருக்கு 50 கிராம் போதும். ஆனா இது விஷம், கிளவுஸ் போடாம தொடக்கூடாது, உப்பு சர்க்கரைன்னு குழந்தைங்க நினைக்கற மாதிரி டப்பால வைக்கக்கூடாது. சிமெண்ட் மேல பட்டா வெள்ளையா ஒரு படலமும் விடும், அது லேசுல போகாது.

இவ்வளவும் செராமிக், விட்ரிஃபைட் பார்க்கிங் டைல்ஸுக்கு. கடப்பா, கோட்டா, மார்பிள் எல்லாம் சுண்ணாம்புக் கல்லு வகை, ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்ட்டுல செஞ்சது, எலுமிச்சை பட்டாலே பளபளப்பு போயிடும். அங்க கார் வாஷ்காரங்க சக்கரத்துக்கு அடிக்கற அயர்ன் ரிமூவர்ல ஆசிட் இல்லாத வகையா பாத்து வாங்குங்க, துருல பட்டதும் ஊதாவா மாறும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், ஆனா கல்லைத் திங்காது. மூலைல கொஞ்சூண்டு அடிச்சுப் பாத்துட்டு செய்யுங்க.

பேவர் பிளாக்குல கறை ஆழமா இறங்கிடுச்சுன்னா மெனக்கெடவே வேண்டாம், அந்தக் கல்லை நெம்பி எடுத்து, கண்ணுல படாத ஓரத்துக் கல்லோட மாத்திப் போட்டுட்டு மேல கொஞ்சம் மணல் தூவி விட்டா முடிஞ்சுது.