‘பெர்மிட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற ஜன்னல் கம்பெனி: புளோரிடா கடலோர வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

ஐந்துக்கு மூன்று. ஜன்னலுக்கு மட்டும் என்றால் நாலரை கொடுப்பேன், பொருத்த வந்த ஆட்களுக்கு நாலு, பெர்மிட் எடுத்துக் கொடுத்த லட்சணத்துக்கு ஒன்றரை. கூட்டிக் கழித்தால் மூன்றுக்கு மேல் மனசு வரவில்லை. கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. நாளைக்கே வேறு கம்பெனியிடம் போனாலும் இதே வசனத்தைத்தான் கேட்கப் போகிறீர்கள், அதனால் எந்த இடத்தில் கண்ணை விரித்து வைத்திருக்க வேண்டும் என்று சொன்னால் அதுதான் உபயோகம்.

வீடு ப்ரோவர்ட் கவுண்டியில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில். அறுபதுகளில் கட்டிய ஒற்றை மாடி, கான்கிரீட் பிளாக் சுவர். பழைய ஜன்னல்கள் கைப்பிடியைச் சுற்றித் திறக்கிற ரகம், உப்புக் காற்றில் பல்சக்கரம் இறுகிப்போய்ப் பாதி திறக்காது, மீதி மூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் கராஜிலிருந்து அலுமினிய ஷட்டர் பலகைகளைத் தூக்கி வந்து ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். முதுகு விட்டுப்போச்சு. சரி, புயலில் எது பறந்து வந்து அடித்தாலும் ஓட்டை விழாத இம்பாக்ட் கண்ணாடி போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

ஊரில் உள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி, சொந்த வீட்டு ஜன்னலை மாற்ற எதற்கு அனுமதி என்பதுதான். 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் அடித்தபோது ஜன்னல் உடைந்ததும் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளியது, மேலே ஓடுகிற காற்று அதே கூரையை உறிஞ்சியது, வீடு வீடாகக் கூரை பறந்தது. அதற்குப் பிறகுதான் தெற்கு புளோரிடாவில் விதிகளை இறுக்கினார்கள், 2002-இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித் தொகுப்பு வந்தது. மயாமி-டேட், ப்ரோவர்ட் இரண்டு கவுண்டிகளும் மட்டும் அதிவேகப் புயல் மண்டலம் என்று தனிக் கணக்கு. இங்கே விற்கிற ஜன்னல் மீது ஒன்பது பவுண்டு எடையுள்ள இரண்டுக்கு நாலு அங்குல மரக்கட்டையை நொடிக்கு 50 அடி வேகத்தில் பீரங்கி மாதிரி ஒரு குழாயிலிருந்து சுடுவார்கள். கண்ணாடி விரியலாம், ஓட்டை விழக்கூடாது. அடி வாங்கிய அதே ஜன்னலை அப்புறம் காற்றழுத்தத்தில் வைத்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிச் சோதிப்பார்கள். அதையும் தாண்டினால்தான் என்ஓஏ எனப்படும் மயாமி-டேட் ஒப்புதல் கிடைக்கும். நகரத்தின் பெர்மிட் அலுவலகம் பார்ப்பது இந்த ஒப்புதல் காகிதமும் உங்கள் வீடும் பொருந்துகிறதா என்பதைத்தான். பொருந்தவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜன்னலானாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்களுடையதைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேதான் கதை.

விற்பனைப் பிரதிநிதி வந்து அளவெடுத்தார், ஐபேடில் கையெழுத்து வாங்கினார், பெர்மிட் விஷயத்தில் நீங்கள் சுண்டு விரலைக்கூட அசைக்க வேண்டாம் என்றார். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு சத்தமே இல்லை. போன் செய்தால், சிட்டியில் தாமதம் சார், அங்கே எல்லாம் அப்படித்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, அரசு அலுவலகம் என்றால் நமக்குத் தெரியாதா. ஒரு நாள் ராத்திரி சும்மா நகரத்தின் இணையப் போர்ட்டலில் பெர்மிட் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். வரைபடம் பார்க்கிற அதிகாரி எப்போதோ குறிப்பெழுதித் திருப்பிவிட்டிருக்கிறார், பந்து கம்பெனி வாசலில் கிடக்கிறது. சிட்டி தாமதம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அந்தக் குறிப்புக்கு இவர்கள் பதிலே போடவில்லை. ஒன்றரை மதிப்பெண்ணுக்குக் காரணம் இதுதான், மற்றதையெல்லாம் மன்னிக்கலாம்.

குறிப்பில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். விண்ணப்பத்தோடு வீட்டின் தரை வரைபடம் போகும், அதில் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு எண், பக்கத்தில் ஒரு அட்டவணை: இந்த ஜன்னல் இவ்வளவு அளவு, இவ்வளவு காற்றழுத்தம் தாங்க வேண்டும், இந்த மாடல் இவ்வளவு தாங்கும். தாங்க வேண்டிய அழுத்தம் கணக்கிடும்போது வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். உள்ளே தள்ளிய குடியிருப்புக்கு சி வகை, திறந்த கடலைப் பார்த்து ஏறக்குறைய 600 அடிக்குள் இருந்தால் டி வகை, கடல் மேல் ஓடி வரும் காற்றைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லையே. எங்கள் ஆள் தன் வழக்கமான சி வகை அட்டவணையை அப்படியே ஒட்டி அனுப்பியிருக்கிறார். அதுபோக, சுவரின் நடுப்பகுதி வேறு, வீட்டு மூலை வேறு. மூலையைச் சுற்றிக்கொண்டு ஓடும் காற்று ஜன்னலை வெளிப்பக்கமாகப் பிடுங்கும், அதனால் அங்கே மைனஸ் எண், அதாவது வெளியே இழுக்கும் அழுத்தம், கூடுதலாக இருக்கும். எங்கள் பின்கட்டுச் சறுக்குக் கதவு சரியாக அந்த மூலையில்தான் நிற்கிறது. டி வகையும் மூலையும் சேர்ந்ததும், அந்த அகலத்தில் அந்த மாடல் தாங்காது என்பது அதன் ஒப்புதல் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதிகாரி அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்.

சிட்டி அலுவலகத்தைத் திட்டுவதுதான் இங்கே எல்லாருக்கும் பழக்கம். எனக்கென்னவோ இந்த முழு விவகாரத்தில் நம் பக்கம் நின்று யோசித்த ஒரே ஆள் முகம் தெரியாத அந்த அதிகாரிதான் என்று படுகிறது. அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் பெருந்தொகை கொடுத்து, தாங்காத கதவை, கடல் பார்த்த மூலையில் மாட்டியிருப்போம். சிட்டிக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் நாலு.

கதவை வலுவூட்டிய ரகத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது, கூடுதல் விலை என்றார்கள். உங்கள் கணக்குப் பிழைக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று மல்லுக்கு நின்றதில் பாதியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மேலாளர் பொறுமையாகப் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு குறிப்பு படுக்கையறை ஜன்னலைப் பற்றி. தீ பிடித்தால் அந்த வழியாக ஆள் வெளியே குதிக்க முடிய வேண்டும், புது வீட்டுக்குப் பொதுவாக 5.7 சதுர அடி திறப்பு கேட்கிறார்கள். பழைய வீட்டில் மாற்றும்போது கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் ஜன்னலின் வகையை மாற்றித் திறப்பை இன்னும் சின்னதாக்கினால் சும்மா விடமாட்டார்கள். முதலில் கேட்டிருந்த, மேலும் கீழும் நகர்கிற ரகத்தை விட்டுவிட்டுக் கதவு போலத் திறக்கிற ரகம் போட்டோம். நல்லதாகப் போச்சு, காற்றும் கூடுதலாக வருகிறது.

வெள்ள விதியைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாழ்வான வெள்ள மண்டலத்தில் பழைய வீடு என்றால், மராமத்துச் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால் முழு வீட்டையும் இன்றைய வெள்ள விதிக்கு ஏற்றபடி உயர்த்தியாக வேண்டும். கட்டடத்தின் மதிப்பு என்பதைக் கவனியுங்கள், நிலத்தின் மதிப்பு சேராது. கடலோரத்தில் காசெல்லாம் நிலத்தில்தான், அறுபது வருஷக் கட்டடத்துக்கு கவுண்டி போட்டிருக்கும் மதிப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். கூரையும் ஜன்னலும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கணக்கைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஜன்னலை மட்டும் முதலில் முடித்தோம். தனியாக மதிப்பீட்டாளரை வைத்துக் கட்டடத்துக்கு மதிப்பு வாங்கிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. முன்பெல்லாம் நிறைய ஊர்களில் சில வருஷச் செலவைக் கூட்டியும் பார்த்தார்கள், அதனால் உங்கள் ஊரில் இப்போது எப்படிக் கணக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடற்கரை மணலைப் பார்த்த ஜன்னல் என்றால் ஆமை விதியும் உண்டு. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை இந்தப் பக்கம் முட்டையிடும் காலம், குஞ்சுகள் வெளிச்சம் பார்த்துத் திசை மாறிவிடும். அதனால் உள்ளிருந்து வெளியே போகும் ஒளி 45 சதவீதத்துக்குள் இருக்கும்படி சாயம் ஏற்றிய கண்ணாடி கேட்பார்கள். பெசன்ட் நகரில் பங்குனி ஆமைக்காக ராத்திரி நடந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் வீட்டுக்கும் மணலுக்கும் நடுவில் தெருவும் கட்டடங்களும் இருக்கின்றன, தப்பித்தோம். கடற்கரையை ஒட்டிக் கட்டடங்களைக் கட்டுப்படுத்த மாநிலம் கிழித்திருக்கும் கடலோரக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குள் இருப்பவர்கள் மாநில அனுமதியும் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், அஸ்திவாரத்தைத் தொடாத மராமத்துக்கு மாநிலச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

பெர்மிட் வந்த பிறகு வேலை தொடங்குவதற்கான அறிவிப்பை கவுண்டியில் பதிய வேண்டும். இந்த மாதிரி வேலை 5,000 டாலரைத் தாண்டினால் இது கட்டாயம். பதியாமல் விட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்ட நேரலாம் என்று அந்தப் படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. கம்பெனிக்கு நீங்கள் கொடுத்த பணம் கண்ணாடி சப்ளையருக்குப் போகவில்லை என்றால் அவர் உங்கள் வீட்டின் மீது உரிமை கோரலாம், அதுதான் விஷயம். இதை கம்பெனி ஒழுங்காகச் செய்தது.

பொருத்த வந்த ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஸ்பானிஷில் பேசிக்கொண்டு, மதியத்துக்குள் முன்பக்கம் முழுவதையும் பெயர்த்துவிட்டார்கள். சுவர் ஓரத்தில் மரக்கட்டை வைத்து, நீல நிற கான்கிரீட் திருகுகளை, காகிதத்தில் சொன்ன இடைவெளியில் முடுக்கினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தது பூச்சு வேலைக்கு முன்னால். மனிதர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. முதலில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தார், மாடலையும் ஒப்புதல் எண்ணையும் கையிலிருந்த காகிதத்தோடு ஒப்பிட்டார். பிறகு சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சொருகியிருந்த சிம்புத் துண்டின் தடிமனை அளந்தார், கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாதாம். குளியலறை ஜன்னலில் ஒரு ஓரத்தில் திருகுத் தலைகளை ஏற்கெனவே சிலிக்கான் வைத்து மூடிவிட்டிருந்தார்கள், பேனாக்கத்தியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணினார். ஒன்று குறைந்தது. அந்த ஜன்னலுக்கு மட்டும் ஃபெயில் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மறுபடி முடுக்கி, மறுபடி வந்து பார்த்து பாஸ். ஆகவே வீட்டில் யாரும் ஆர்வக் கோளாறில் அந்த ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள், கடைசி இன்ஸ்பெக்‌ஷன் முடியும் வரை இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் நான் மாற்றச் சொல்லி வாங்கிய ஒரே வரி, கடைசித் தவணை எப்போது என்பது. அவர்கள் அச்சடித்து வைத்திருந்தது பொருத்தி முடித்ததும் என்று. அதை அடித்துவிட்டு, சிட்டியின் இறுதி இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆனதும் என்று எழுத வைத்தேன். முனகினார்கள், ஆனால் எழுதிக் கொடுத்தார்கள். குளியலறை ஜன்னலுக்கு ஆள் அத்தனை வேகமாகத் திரும்பி வந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மூடாத பெர்மிட், வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் தரப்பு செய்யும் பதிவுத் தேடலில் வந்து நிற்கும், அன்றைக்கு கம்பெனி இருக்குமோ இல்லையோ. வேலை நடக்காமல் கிடந்தால் 180 நாளில் காலாவதியும் ஆகிவிடும்.

கையெழுத்துப் போடும் முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது, காசு செலவில்லை. மயாமி-டேட் கவுண்டியின் தளத்தில் எந்த ஜன்னலின் ஒப்புதல் காகிதத்தையும் யாரும் பார்க்கலாம். அளவு, அழுத்தம், திருகு இடைவெளி, ஒப்புதல் காலாவதியாகும் தேதி எல்லாம் இருக்கும். விற்க வருகிறவரிடம், என் வீடு சி-யா டி-யா, மூலைக் கதவுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். முழித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். மாநிலத்தின் ‘மை சேஃப் புளோரிடா ஹோம்’ திட்டத்தில் நாம் போடும் ஒரு டாலருக்கு இரண்டு டாலர் வீதம் 10,000 வரை உதவி உண்டு, தகுதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

ஜன்னல்கள் எப்படி என்று கேட்டால், அருமை. தெருச் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது, மாலை வெயில் உள்ளே வந்தும் ஹால் கொதிப்பதில்லை. இன்சூரன்ஸ் தள்ளுபடிக்காகப் புயல் பாதுகாப்புப் பரிசோதனை செய்கிறவரைக் கூப்பிட்டோம். அவர் வீட்டைச் சுற்றி வந்து, கராஜ் கதவின் மேல் வரிசையில் இருக்கும் சின்னச் சின்னக் கண்ணாடிகளைக் காட்டினார். அவையும் கண்ணாடித் திறப்புதானாம், ஒன்று பாதுகாப்பில்லாமல் இருந்தாலும் படிவத்தில் முழுப் பாதுகாப்பு என்று போட முடியாதாம். விற்க வந்தவர் தன் காரை நிறுத்தியதே அந்தக் கதவுக்கு முன்னால்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது கராஜ் கதவுக்குத் தனியாக இன்னொரு பெர்மிட். அதற்கு விலை கேட்டு மூன்று கம்பெனிகளுக்கு எழுதியிருக்கிறேன், இவர்களுக்கு எழுதவில்லை.