ஜோ ஸ்ட்ரம்மர் நினைவு டி-ஷர்ட்: துணியும் சுத்தம், கணக்கும் சுத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். லண்டனில் ஜோ ஸ்ட்ரம்மரின் ரசிகர்கள் சிலர் சேர்ந்து, அவர் இறந்த டிசம்பர் மாதத்தை ஒட்டி ஒரு டி-ஷர்ட் அச்சிட்டு விற்கிறார்கள். கம்பெனி கிடையாது, கடை கிடையாது. ஒரு பப்பின் மாடியில் நினைவுக் கச்சேரி நடக்கும்போது வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு, அளவுவாரியாகக் கறுப்பு டி-ஷர்ட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள், பக்கத்தில் துணிப்பையும் பேட்ஜும். டி-ஷர்ட் 20 பவுண்டு. செலவு போக மிச்சம் அத்தனையும் ஜோ ஸ்ட்ரம்மர் ஃபவுண்டேஷனுக்குப் போகிறது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1976இல் லண்டனில் தொடங்கிய தி கிளாஷ் என்ற பங்க் ராக் இசைக்குழுவின் பாடகர், கிதாரிஸ்ட். இயற்பெயர் ஜான் மெல்லர். 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தவர், அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர். அந்த அப்பா பிறந்தது நம் லக்னோவில். ஸ்ட்ரம்மர் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் யூகுலேலி என்ற குட்டிக் கிதாரை வாசித்துக் காசு வாங்கியிருக்கிறார், வேல்ஸில் கல்லறைக் குழி வெட்டியிருக்கிறார், அப்புறம்தான் கிளாஷ். 2002 டிசம்பர் 22ஆம் தேதி, பிறவியிலேயே இருந்து யாரும் கண்டுபிடிக்காத ஒரு இதயக் கோளாறால் திடீரென்று போய்விட்டார். வயது 50.

சரி, டி-ஷர்ட்டுக்கு வருவோம். நான் பிறந்து வளர்ந்தது திருப்பூரில், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் இருந்தவர்கள், அதனால் துணியைப் பற்றி நீளமாகவே எழுதப் போகிறேன். நிதி திரட்டுவதற்காக விற்கும் டி-ஷர்ட்டுகளில் பெரும்பாலும் முதலில் கை வைப்பது துணியில்தான். 140 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) மெல்லிசாக ஒரு துணி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும், ரெண்டு துவைப்பில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். நல்ல காரியத்துக்குத்தானே கொடுத்தோம் என்று வாங்கியவரும் விட்டுவிடுவார். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. லேபிளில் 180 ஜிஎஸ்எம், நூறு சதவீதம் பருத்தி, மேட் இன் இந்தியா என்று இருக்கிறது. கையில் எடுத்தாலே சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியின் அந்த நிறைவான கனம் தெரிகிறது. ட்யூப் துணியில் வெட்டாமல் பக்கத் தையல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். தோளிலிருந்து தோள் வரை கழுத்துக்குப் பின்னால் டேப் வைத்திருக்கிறார்கள். இந்த டேப் இல்லாத டி-ஷர்ட்டை ஹேங்கரில் மாட்டினால் தோள் இழுத்துக்கொண்டு தொங்கும். பலமுறை மெஷினில் போட்டாயிற்று, இன்னும் முறுக்கவில்லை.

அச்சு இன்னும் நன்றாக இருக்கிறது. கறுப்புத் துணியில் வெள்ளை அச்சடிப்பது சாதாரண வேலை இல்லை. பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையை மேலே அப்பினால் நெஞ்சில் ரப்பர் அட்டை ஒட்டியது மாதிரி இருக்கும், வேர்க்கும், மையை இறுக்கும் கியூரிங் சூடு பத்தாமல் போனால் கொஞ்ச நாளில் பாளம் பாளமாக வெடிக்கும். இவர்கள் டிஸ்சார்ஜ் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். அதாவது துணியின் சாயத்தையே அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு நிறத்தை உள்ளே இறக்குவது. பருத்தியில்தான் இது ஒழுங்காக வரும். விரலால் தடவினால் அச்சு இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்றாகவே இருக்கிறது. தூய வெள்ளை வராது, சற்றுப் பழுப்பேறிய வெள்ளைதான் வரும், இந்தப் படத்துக்கு அதுதான் பொருத்தம். புதிதில் ஒரு மருந்து வாடை அடிக்கும். ஒருமுறை அலசிவிட்டுப் போட்டுக்கொண்டால் போய்விடும்.

படம் என்னவென்றால், அவருடைய டெலிகாஸ்டர் கிதார் மட்டும்தான். முகம் இல்லை, குழுவின் பெயர் இல்லை. அது ஃபெண்டர் கம்பெனி 1966ஆம் வருஷம் செய்த எலெக்ட்ரிக் கிதார். சன்பர்ஸ்ட் நிறத்தில் (நடுவில் வெளிர், ஓரத்தில் அடர்த்தி) வந்ததற்கு மேலே கறுப்பு பெயின்ட் அடித்து, கடைசிவரைக்கும் அதைத்தான் வைத்திருந்தார். அவர் இடது கைக்காரர், ஆனால் வலது கையால் வாசித்தவர். ஒற்றைக் கம்பியைப் பிடித்து நுணுக்கமாக வாசிக்க வராது, ஆறு கம்பியையும் சேர்த்துத்தான் அடிப்பார், இங்கிலீஷில் அப்படி அடிப்பதை ஸ்ட்ரம் என்பார்கள், ஸ்ட்ரம்மர் என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டதும் அதனால்தான். அடிக்கிற வேகத்தில் முன்கை காயப்படும் என்று டேப் சுற்றிக்கொண்டு மேடை ஏறுவார். கிதாரின் பெயின்ட்டும் அப்படியே உதிர்ந்து உதிர்ந்து அடியில் இருந்தது வெளியே தெரிய ஆரம்பித்தது. இந்த டி-ஷர்ட்டில் வரைந்தவர் என்ன செய்திருக்கிறார் என்றால், கிதாரின் கறுப்புக்குத் துணியின் கறுப்பையே விட்டுவிட்டு, வெளிக்கோட்டையும் பெயின்ட் உதிர்ந்த இடங்களையும் மட்டும் அச்சடித்திருக்கிறார். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ திட்டுத் திட்டாக இருக்கிறது, கிட்டே வந்தால்தான் கிதார். அந்தத் திட்டுகள் அத்தனையும் அவருடைய கை தேய்த்த இடம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கழுத்தில் சின்னதாக 1952–2002, வேறு எழுத்தே இல்லை.

முகமும் பெயரும் போடாததில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. குழுவின் பெயர், ஆல்பம் அட்டை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள் உண்டு. கிளாஷின் பேஸ் கிதாரிஸ்ட் பால் சிமனன் தன் கிதாரை மேடையில் ஓங்கி அடிக்கும் அந்தப் பிரபலமான படம், புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் எடுத்தது. 1979இல் நியூயார்க்கில் எடுத்த அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடித்து, ‘தர்மத்துக்கு’ என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடாது. நல்ல எண்ணம் இருப்பதாலேயே அடுத்தவர் உழைப்பு நமக்குச் சொந்தமாகிவிடுமா? இவர்களே உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய விஷயம்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். டி-ஷர்ட்டோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு தருகிறார்கள். வெற்று டி-ஷர்ட், மை, ஸ்கிரீன், அச்சுக்கூலி எல்லாம் சேர்த்து 9 பவுண்டு, ஃபவுண்டேஷனுக்கு 11 பவுண்டு. தபால் செலவு தனி. அதற்குக் கீழே, விற்று முடிந்ததும் பணம் அனுப்பிய ரசீதைக் காட்டுவோம் என்று ஒரு வரி. போன தடவை அனுப்பிய ரசீதை மேசையிலேயே பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எடுத்துப் பார்த்தேன்.

இதற்கு முன்னால் வேறொரு மறைந்த பங்க் பாடகரின் பெயரில், ‘வருமானத்தில் ஒரு பங்கு புற்றுநோய் ஆராய்ச்சிக்கு’ என்று போட்டு இணையத்தில் விற்ற ஒரு டி-ஷர்ட்டை வாங்கினேன். எந்தப் பங்கு, எந்த அமைப்பு என்று எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை. பக்கத்தையே கொஞ்ச நாளில் காணோம். இறந்தவர் மேல் நமக்கு இருக்கிற பாசத்தைக் காசாக்குகிற வேலை அது, நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பிரிட்டனில் ஒரு வியாபாரி தன் சரக்கை விற்கும்போது இதில் தர்ம அமைப்புக்குப் பணம் போகும் என்று சொன்னால், எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், சட்டமே அப்படித்தான். அமைப்பு பதிவானதா என்று, தர்ம அமைப்புகளைப் பதிவு செய்யும் சாரிட்டி கமிஷனின் பட்டியலில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ‘ஒரு பங்கு’, ‘லாபத்தில் கொஞ்சம்’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

இந்தச் சீட்டு ஸ்ட்ரம்மருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிளாஷ் குழு 1979இல் லண்டன் காலிங் என்ற இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கே விற்க வேண்டும் என்று ரெக்கார்டு கம்பெனியோடு மல்லுக்கு நின்றது. அடுத்த வருஷம் சான்டினிஸ்டா, மூன்று தட்டு, அதையும் 5.99 பவுண்டுக்குத்தான் விற்க வேண்டும் என்று நின்றார்கள், அதற்கு விலையாகப் பிரிட்டனில் முதல் 2,00,000 பிரதிகளுக்கு ராயல்டியே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். வாங்குகிறவன் பையில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்த ஆட்கள். இறப்பதற்கு ஐந்து வாரம் முன்னால், 2002 நவம்பர் 15 அன்று, மேற்கு லண்டனில் ஆக்டன் டவுன் ஹாலில் தீயணைப்பு ஊழியர் சங்கத்துக்கு நிதி திரட்ட ஸ்ட்ரம்மர் ஒரு கச்சேரி செய்தார். கூட்டத்தில் இருந்த கிளாஷின் பழைய கிதாரிஸ்ட் மிக் ஜோன்ஸ் திடீரென்று மேடை ஏறிக் கூட வாசித்தார். 1983இல் பிரிந்த பிறகு ரெண்டு பேரும் ஒரே மேடையில் நின்றது அன்றைக்குத்தான். அப்படிப்பட்டவர் பெயரில் விற்கும் டி-ஷர்ட்டில் கணக்கு மறைவாக இருந்தால் எப்படிப் போட்டுக்கொள்வது?

பணம் போய்ச் சேரும் இடமும் தெரிந்த இடம். அவர் இறந்த மறு வருஷமே குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து ஸ்ட்ரம்மர்வில் என்று ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள், அதுதான் பின்னால் ஜோ ஸ்ட்ரம்மர் ஃபவுண்டேஷன் ஆனது. கருவி வாங்கவும் ஒத்திகை பார்க்க இடம் பிடிக்கவும் வசதியில்லாத இளைஞர்களை இசைக்குள் கொண்டுவருவதுதான் வேலை. லண்டனில் ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதே வழியில் பிரிட்டிஷ் பாடகர் பில்லி பிராக் 2007இல், ஸ்ட்ரம்மர் இறந்து ஐந்து வருஷம் ஆனதை ஒட்டி, சிறைக் கைதிகளுக்குக் கிதார் கொடுக்கும் ஜெயில் கிதார் டோர்ஸ் என்ற முயற்சியை ஆரம்பித்தார். அது கிளாஷ் பாட்டு ஒன்றின் பெயர். அந்தப் பாட்டில் வருகிற, எம்சி5 என்ற அமெரிக்க ராக் குழுவின் கிதாரிஸ்ட் வெய்ன் கிரேமர், தானே சிறையில் இருந்தவர், பிறகு அமெரிக்காவில் இதே வேலையைத் தொடங்கினார். நியூயார்க்கில் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜோயி ரமோன் பிறந்த மே 19 அன்று கச்சேரி வைத்து, அவர் உயிரைப் பறித்த லிம்போமா என்ற புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கிறார்கள். பங்க் என்றால் கத்துவதும் உடைப்பதும்தான் என்று நினைக்கிறவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் பார்க்கலாம்.

குறைகள் இருக்கின்றன. கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டை (ரிப்) கொஞ்சம் அகலம், துவைக்கத் துவைக்கத் தளர்கிறது. ரிப்பில் லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்திருந்தால் இது வந்திருக்காது, விலையும் பெரிதாக ஏறியிருக்காது. ஸ்க்வீஜி என்ற மை இழுக்கும் ரப்பர் பட்டையைக் கையால் இழுத்து அடித்தது என்பதால் என்னுடையதில் கிதாரின் கழுத்துப் பகுதி ஒரு ஓரத்தில் மங்கல், எனக்கு அது உறுத்தவில்லை, உறுத்துகிறவர்கள் மேசையில் நாலைந்தைப் பிரித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கென்று தனி அளவு கிடையாது, இது நியாயமான புகார். என் தங்கைக்கு ஸ்மால் எடுத்தேன், தோள் இறங்கித்தான் நிற்கிறது. குழந்தைகள் அளவும் இல்லை. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கு வந்திருந்த அப்பா அம்மாக்களைப் பார்த்தபோது, இதை இவர்கள் ஏன் யோசிக்கவில்லை என்று தோன்றியது.

துணிப்பையை விட்டுவிடலாம். அதே படம்தான், ஆனால் கைப்பிடி ஒற்றைத் தையல், பெட்டித் தையல் போடவில்லை, அரிசி மூட்டை வேண்டாம், நாலு ரெக்கார்டு போட்டாலே பிரிய ஆரம்பிக்கும். பேட்ஜ் 1 பவுண்டு, அதை ஒரு கைப்பிடி அள்ளி நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம், இங்கே பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு. டி-ஷர்ட் வாங்குவது நன்கொடைக் கணக்கில் வராது, நன்கொடைக்கு அரசு சேர்த்துக் கொடுக்கும் கிஃப்ட் எய்ட் கிடைக்காது. உங்களுக்கு டி-ஷர்ட் தேவையில்லை, உதவ மட்டும்தான் ஆசை என்றால் ஃபவுண்டேஷனுக்கு நேராகவே பணம் கட்டுங்கள், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து கூடுதலாக 25 பென்ஸ் அவர்களுக்குப் போகும். நான் டி-ஷர்ட்டும் வாங்கினேன், தனியாகவும் கட்டினேன்.

ஊருக்கு அனுப்பச் சொல்ல நினைப்பவர்கள் ஒவ்வொன்றாக ஆர்டர் போடாதீர்கள், தபால் செலவே டி-ஷர்ட் விலையை நெருங்கிவிடும். லண்டனிலிருந்து வருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் ரெண்டு மூணு சேர்த்து அவர் பெட்டியில் போட்டு அனுப்புவதுதான் லாபம். அளவு இங்கிலீஷ்காரர்கள் உடம்புக்கு வெட்டியது, நம் ஊரில் லார்ஜ் போடுகிறவர்களுக்கு இதில் மீடியமே சரியாக இருக்கும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள், அச்சின் மேல் நேராக இஸ்திரி வைக்காதீர்கள். மீடியம்தான் முதலில் தீர்கிறது, கச்சேரி தொடங்குவதற்கு முன்பே போய் எடுத்துவிடுங்கள்.