தாலி கட்டும் இடத்தில் நின்றுவிடும் ரெக்கார்டர்

பழைய டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்று மலிவாக வருகிறது, கல்யாண வீடியோ கேசட்டையெல்லாம் டிஸ்க்கில் ஏற்றிவிட வாங்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். கேசட் ஓட்டும் டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் செருகி, இன்புட்டை மாற்றி, ரெக்கார்டை அழுத்தினால் வேலை முடிந்தது என்று விற்பவர் சொல்வார். நல்ல கேசட்டுக்கு அது உண்மைதான். கம்ப்யூட்டரில் நேரடியாக ஏற்றும்போது அரை மணி போனதும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும். ரெக்கார்டரில் அந்தத் தொல்லை கிடையாது. மூன்று மணி நேரம் ஓடினாலும் தவில்காரர் கையும் அடியும் ஒன்றாகவே விழும்.

கோபம் வருவது வேறு இடத்தில். சொந்த வீட்டுக் கல்யாணம், சொந்தக் காசில் எடுத்த வீடியோ. தாலி கட்டும் இடம் வந்ததும் ரெக்கார்டர் நின்று, 'நகலெடுக்க அனுமதி இல்லை' என்று திரையில் காட்டும். இத்தனை வருடப் பயன்பாட்டில் இதைவிட எரிச்சலான ஒன்று இந்தப் பெட்டியில் இல்லை.

காரணம் இதுதான். படத்தின் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் (ஒரு ஃப்ரேமின் பாதி வரிகள்) நடுவில் டி.வி.யில் தெரியாத சில வரிகள் உண்டு. சினிமா கேசட்டைப் படியெடுக்காமல் தடுக்க, அந்த வரிகளில்தான் மேக்ரோவிஷன் என்ற பூட்டின் துடிப்புகளைச் சேர்த்தார்கள். ரெக்கார்டர் அவற்றைத் தேடிக்கொண்டே இருக்கும். தேய்ந்த கேசட்டில் அதே வரிகளில் இரைச்சல் ஏறினால், அதையும் பூட்டு என்றே எடுத்துக்கொள்கிறது. தாலி கட்டும் இடத்திலேயே ஏன் வருகிறது என்றால், வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் ஓட்டி ஓட்டி, பாஸ் போட்டு நிறுத்திக் காட்டியது அந்த இடத்தைத்தான். பாஸில் நிற்கும்போது டெக்கின் உள்ளே ஹெட் பொருத்திய டிரம் நொடிக்கு 25 சுற்று சுற்றி, அதே துண்டு நாடாவை மீண்டும் மீண்டும் உரசுகிறது. போதாததற்கு, நம் கையில் இருப்பது பெரும்பாலும் மாஸ்டரிலிருந்து எடுத்த படி. இதய வடிவத்துக்குள் மணமக்கள் முகம் வரும் மிக்சிங், சினிமாப் பாட்டு ஒட்டிய இடங்கள் என்று வெட்டுக்கு வெட்டு சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்) குலைந்துதான் இருக்கும்.

இதற்கு ரெக்கார்டரை நோண்டிப் பயனில்லை, டெக்கைக் கவனிக்க வேண்டும். மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான் தோல் துண்டை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். துண்டை மேலும் கீழும் தேய்த்தால் நாடாவைப் படிக்கும் ஹெட் முனை உடைந்துவிடும். பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், அதன் நார் ஹெட்டில் மாட்டும். பிறகு கேசட்டை முழுக்க முன்னோட்டி, முழுக்கப் பின்னோட்டி நாடாவின் இறுக்கத்தைச் சீராக்குங்கள். ஆட்டோ டிராக்கிங்கை நம்பாமல், பொத்தானைக் கையால் அழுத்திப் படத்தின் அடியில் ஓடும் கோடு ஒழியும் இடத்தைப் பிடியுங்கள். சிக்னல் மங்கினால் நீலத் திரை காட்டும் வசதி டெக் மெனுவில் இருந்தால் அணைத்துவிடுங்கள். கேசட்டைப் பதிவு செய்த அதே டெக் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை, அதன் ஹெட் கோணமும் நாடாவில் உள்ள தடமும் ஒத்துப்போகும். இவ்வளவு செய்தால் பல கேசட்டுகள் வழிக்கு வந்துவிடும். எல்லாம் வராது.

சென்னைப் புழுக்கத்தில் பரணில் கிடந்த கேசட்டின் சன்னல் வழியே வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை நல்ல டெக்கில் போட்டால் அடுத்து போடும் கேசட்டுக்கும் ஒட்டும். 2015 வெள்ளத்தில் நனைந்தவற்றைச் சுத்தம் செய்யாமல் எதிலும் போடாதீர்கள், சேறு ஹெட்டைக் கீறும். அமெரிக்காவிலிருந்து வந்த, அந்த ஊர் டி.வி. முறையான என்.டி.எஸ்.சி. கேசட்டை நம் ஊர் முறையான பால் (PAL) டெக்கில் போட்டால் டி.வி.யில் படம் வரலாம். அதே சிக்னலை ரெக்கார்டர் பெரும்பாலும் ஏற்காது, ஏற்றாலும் கறுப்பு வெள்ளையாகப் பதியலாம்.

டிஸ்க்கில் எஸ்.பி. முறை, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் திணிக்காதீர்கள். ஈ-180 கேசட் மூன்று மணி நேரம் என்பதால் ஒன்றரை மணியில் டிஸ்க் மாற்றுங்கள். நான்கு மணி நேர எல்.பி. முறையில் பல ரெக்கார்டர்கள் படத்தின் அகலத் துல்லியத்தைப் பாதியாக்கிவிடும், பட்டுச் சேலையின் கரை கஞ்சியாகத் தெரியும். கடைசியில் ஃபைனலைஸ் செய்யாத, அதாவது பதிவை முடித்து மூடாத டி.வி.டி.-ஆர் வேறு பிளேயரில் பெரும்பாலும் ஓடாது. அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் டிஸ்க்கே போய்விடலாம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் நொடியிலேயே ரெக்கார்டர் அணைந்து எழும், ஆகவே கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் செருகுங்கள்.

இத்தனையும் தெரிந்தவன் சொல்கிறேன்: டிஸ்க் எழுதுவதற்காக இதை வாங்காதீர்கள். ஆனால் வாங்குங்கள்.

டெக்கிலிருந்து வரும் வரிகள் ஒரே சீராக வருவதில்லை, அதனால்தான் படத்தின் மேல் பகுதி கொடி போல வளைகிறது, மண்டபத் தூண் நெளிகிறது. நல்ல ரெக்கார்டர் உள்ளே வந்த படத்தை நினைவகத்தில் வாங்கி, ஒழுங்குபடுத்தி, அவுட்புட்டில் விடுகிறது. பதிவு செய்ய மறுக்கும் நேரத்திலும் பல மாடல்களில் இந்த வேலை நிற்பதில்லை. ஆகவே டெக், ரெக்கார்டர், யு.எஸ்.பி. கேப்சர் (படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் கருவி), கம்ப்யூட்டர் என்ற வரிசையில் இணையுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண கேப்சர்கூட இப்படி இணைத்தால் ஃப்ரேம் விடாது. உதடும் பேச்சும் விலகியதே ஃப்ரேம் விட்டுப்போனதால்தான். ஒலியையும் ரெக்கார்டர் வழியாகவே விடுங்கள். படம் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃப்ரேம், இன்டர்லேஸை (ஒரு ஃப்ரேமை இரண்டு ஃபீல்டாகப் பிரித்திருப்பதை) அப்படியே வையுங்கள். DV என்ற வீடியோ ஃபார்மட்டில் மணிக்கு சுமார் 13 ஜி.பி. ஆகும், டி.வி.டி.யைவிட எடிட் செய்யவும் சுலபம்.

இதற்கு டிஸ்க் டிரைவ் செத்த ரெக்கார்டரே போதும். லென்ஸ் போனது என்று அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். வாங்குமுன் இரண்டைப் பாருங்கள். ஆன் செய்ததும் டிரைவைத் தேடிக்கொண்டு அங்கேயே தொங்கிவிடாமல் இன்புட் படத்தைக் காட்ட வேண்டும். அடுத்து, நெளியும் கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் டெக்கிலிருந்து நேராக டி.வி.யிலும், பிறகு ரெக்கார்டர் வழியாகவும் ஓட்டி, படத்தில் தெரியும் கதவு நிலை நேராக நிற்கிறதா என்று பாருங்கள். எல்லா மாடலும் அதை நிமிர்த்தாது. நிமிர்ந்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளலாம்.