நாலு வருஷம் ஸ்போர்ட்ஸ், மூணு வருஷம் அட்வெஞ்சர்: நெடும்பயணத்துக்கு எந்த பைக்?

சேலத்தில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பியவன், கயத்தாறுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினேன். கடைக்காரர் கிளாஸை நீட்டினார். வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன், ஆனால் விரலுக்கு அது தெரியவில்லை. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. கிளாஸ் சாய்ந்து பாதி டீ ஷூவில் கொட்டியது. "இருந்து குடிங்க தம்பி, எங்கயும் ஓடிராது" என்றார் அவர். உட்காரவும் முடியவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அது என் ஸ்போர்ட்ஸ் பைக்கில் போன முதல் கன்னியாகுமரி பயணம். அந்த வண்டியை நாலு வருஷத்தில் 36,000 கிலோமீட்டர் ஓட்டினேன். அதன் பிறகு ஒரு அட்வெஞ்சர் டூரர், அதாவது கரடுமுரடான சாலைக்கும் தாங்கும் உயரமான நெடும்பயண வண்டி வாங்கி, மூன்று வருஷத்தில் 42,000 ஓட்டியிருக்கிறேன். முன்னது 300 சிசி, இரட்டை சிலிண்டர். பின்னது 400 சிசியை ஒட்டிய ஒற்றை சிலிண்டர். என் வண்டிகள் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா, இந்தக் கம்பெனி நல்லதா என்று போய்விடும். ரகத்தைப் பற்றிப் பேசினால் போதும்.

முதலில் அந்த மரத்துப்போன விரல்களின் கதை. ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும், கால் வைக்கும் கட்டை பின்னால் தள்ளி உயரத்தில் இருக்கும். உடம்பு தானாக முன்னால் சாய்ந்துவிடும். நல்ல வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், கையில் பாரம் தெரியாது. அந்த உட்காரும் முறையே அந்த வேகத்துக்காகச் செய்ததுதான். ஐம்பதிலும் அறுபதிலும் போகும்போதுதான் வினை. காற்றின் தாங்கல் போய், மேலுடம்பின் எடை மொத்தமும் மணிக்கட்டில் இறங்கும். 2018ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்சவரம்பே 80 கிலோமீட்டர்தான். அதாவது இந்த வண்டி எந்த வேகத்தில் நம் உடம்புக்கு இதமாக இருக்குமோ, அந்த வேகத்தில் ஓட்ட நமக்கு அனுமதி இல்லை. ஊருக்குள் நுழைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாமக்கல்லிலும் கரூரிலும் டிராஃபிக்கில் மாட்டிய அரை மணி நேரம், நெடுஞ்சாலையில் போன இரண்டு மணி நேரத்தைவிட அதிகம் வலித்தது.

பழகினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். கொஞ்சம் சரியானது உண்மைதான். டேங்க்கைத் தொடையால் இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கினால் கை தளரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. அப்புறம் மூன்று மணி நேரம் தாங்கியது. நாலாவது மணியில் தொடை விட்டுக்கொடுக்கும், ஆறாவது மணியில் பழைய கதைதான்.

வேகத்தடை இன்னொரு தலைவலி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய மறுநிமிடம், வெள்ளைக்கோடு இல்லாத, பலகை இல்லாத, ஊர்க்காரர்களே மண்ணும் ஜல்லியும் போட்டு மேடாக்கிய தடைகள் வரும். கவாஸாகி நின்ஜா 300 போன்ற ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 140 மில்லிமீட்டர். பின்னால் ஆளும் பையும் ஏறினால் அதிலும் குறையும். வண்டியைச் சுற்றி மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கின் அடிவயிறு உரசும் அந்தச் 'சர்ர்' சத்தத்தைக் கேட்டால், சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி உடம்பு ஒருமுறை கூசும். குறுக்குவாட்டில் மெதுவாக ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டேன். பின்னால் வருகிற மினி பஸ்காரருக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

பின்னிருக்கையைப் பற்றி என் மனைவிதான் எழுத வேண்டும். ஏற்காடு வரைக்கும் ஒரே ஒருமுறை வந்தாள். இறங்கியதும், "ஏங்க, இது சீட்டா பரணா?" என்றாள். வரும்போது சேர்வராயன் மலைப் பேருந்தில் இறங்கி வந்தாள், நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன்.

இவ்வளவு குறை சொல்கிறேனே, பிறகு ஏன் நாலு வருஷம் ஓட்டினேன்? போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் சாலையை அகலப்படுத்திய பிறகு ஒருமுறை காலையில் போனேன். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் நீளமான, வழுவழுப்பான வளைவுகள். ஒன்று முடியுமுன் அடுத்தது வரும். வண்டியைச் சாய்த்தால் எங்கே நினைக்கிறோமோ அங்கே கோடு போட்ட மாதிரி போகும். பிரேக்கை எவ்வளவு தொடுகிறோமோ அவ்வளவு நிற்கும். எஞ்சின் ஏழாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் குரல் மாறுமே, அதைக் கேட்பதற்காக வேண்டுமென்றே ஒரு கியர் குறைத்து வைத்திருப்பேன். அட்வெஞ்சர் பைக்கில் அதே சாலையில் இரண்டு முறை போயிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வந்து யாரிடமும் அந்தச் சாலையைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மலை என்றாலே ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு விருந்து என்று நினைத்துவிடக் கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு விருந்து கிடைக்கவில்லை, முதுகுவலிதான் கிடைத்தது. வளைவு இறுக்கமாக இருந்தால் தாழ்ந்த ஹேண்டில்பாரைத் திருப்பவே இடம் போதாது. முதல் கியர், இரண்டாம் கியர், திரும்ப முதல் கியர் என்று எழுபது தடவை.

அட்வெஞ்சர் பைக்கின் பூர்வீகம் பாலைவனம். 1980ல் பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வந்தது. மண்ணிலும் ஓடும், தார்ச்சாலையிலும் ஓடும் பெரிய வண்டி என்ற யோசனைக்கு அது வழிவிட்டது. மறுவருஷமே அந்த ரக வண்டி, சஹாரா பாலைவனம் வழியாக ஓடும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் ஜெயித்தது. குலுக்கலை வாங்கிக்கொள்ளும் நீண்ட சஸ்பென்ஷன், பெரிய முன்சக்கரம், அகலமான ஹேண்டில்பார், நின்றுகொண்டே ஓட்ட வசதி எல்லாம் மணல்மேட்டுக்காக வைத்தவை. நம் ஊரில் வேகத்தடைக்கும், பாதியில் தோண்டிப் போட்ட சாலைக்கும் அவை அப்படியே பொருந்திவிட்டன. விளம்பரத்தில் ஆற்றைக் கடப்பதைக் காட்டுகிறார்கள். மூன்று வருஷத்தில் நான் கடந்த பெரிய நீர்நிலை, மழைநாளில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீர்தான்.

2016ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை எடுத்துக்கொண்டால், முன்சக்கரம் 21 அங்குலம், முன் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் இறங்கி ஏறும், தரை இடைவெளி 220. சக்தியோ 24 குதிரைச் சக்தியைச் சொச்சம்தான் தாண்டும். காகிதத்தில் பார்த்தால் நின்ஜா 300ன் 39 குதிரைச் சக்திக்கு முன்னால் எடுபடாது. சாலையில் நடப்பது வேறு. பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்போர்ட்ஸ் பைக் வேகத்தைக் குறைத்து ஏற்றும், அட்வெஞ்சர் குறைக்காமல் போய்க்கொண்டே இருக்கும். இதே கன்னியாகுமரிக்கு இதில் போனபோது முழுதாக நாற்பது நிமிடம் முன்னால் சேர்ந்தேன். நல்ல சாலையில் முன்னைவிட வேகமாக ஓட்டவில்லை. பள்ளத்துக்கு வேகத்தைக் குறைத்ததும் டீக்குடிக்க நிறுத்தியதும் குறைவு, அவ்வளவுதான்.

மனைவியோடு தனுஷ்கோடி போனது இந்த வண்டியின் கணக்கில் பெரிய வரவு. அரிச்சல்முனை வரை போகும் சாலை 2017ல் திறந்தது. இரண்டு பக்கமும் கடல், காற்று மணலை வாரி சாலை மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த மணல் திட்டில் பெரிய முன்சக்கரம் கொஞ்சம் ஆடிவிட்டு ஏறிப் போனது. என் தோளைப் பிடித்திருந்த கை இறுகவில்லை என்பதை வைத்தே பின்னால் பயமில்லை என்று தெரிந்தது. சேலத்திலிருந்து ராமேஸ்வரம் வரை நாலே இடத்தில் நிறுத்தினோம். பரண் என்ற பேச்சு அன்றைக்கு வரவில்லை.

சரி, இதன் வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்குகிறது காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைக் கொண்டுபோய் நட்டிருப்பது சும்மா இல்லை. உயரமான வண்டி, உயரமான கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி: காற்றுக்கு இது பாய்மரம்தான். நேராகப் போவதற்கே வண்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. லாரி ஒன்று மறைத்து விலகிய கணத்தில் வண்டி அரைப் பாதைக்கு நகர்ந்தது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் இதே இடத்தில் டேங்க்கின் மேல் படுத்துக்கொண்டு கடந்திருக்கிறேன்.

அடுத்தது உயரம். நான் ஐந்தடி ஐந்தங்குலம். என் வண்டியின் 800 மில்லிமீட்டர் உயர இருக்கையில் இரண்டு காலும் ஓரளவு ஊன்றுகிறது. 2020ல் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சரில் 855, சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் 835. குள்ளமானவர்கள் ஷோரூமில் ஏறிப் பார்த்தால் போதாது. பெட்டி நிறைய சாமானோடு, சரிவில், ஜல்லி மேல் நிறுத்துவதை மனதில் ஓட்டிப் பாருங்கள். மடிக்கேரியில் விடுதி வாசலில் அப்படி நிறுத்தும்போது வைத்த கால் வழுக்கி, வண்டியும் நானும் மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தோம். இருநூறு கிலோவைத் தூக்க வாட்ச்மேனும் சமையல்காரரும் வந்தார்கள்.

பிறகு பஞ்சர். கம்பிச் சக்கரம், உள்ளே ட்யூப். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ட்யூப்லெஸ் என்பதால் ரப்பர் திரியைச் சொருகி, காற்றடித்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். இதில் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், ஞாயிறு சாயங்காலம், பின் டயரில் ஆணி. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த நட்டுக்கு எங்கிட்ட பானா இல்லீங்களே" என்றார். அவர் மகன் சைக்கிளில் போய் டிராக்டர் பட்டறையிலிருந்து வாங்கி வந்தான். கழற்றி, ஒட்டி, மாட்டி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம். இப்போது அந்த அளவு பானா என் பெட்டியில் நிரந்தரமாக இருக்கிறது. வாங்குவதாக இருந்தால் ட்யூப்லெஸ் சக்கரம் உள்ள மாடலையே பாருங்கள்.

டேங்க் விஷயத்தில் பெயரை நம்ப வேண்டாம். டூரிங் என்றால் பெரிய டேங்க் இருக்கும் என்று நினைப்போம். நின்ஜா 300ல் 17 லிட்டர், 390 அட்வெஞ்சரில் 14.5, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் 12. என் இரண்டு வண்டியுமே ஒரு டேங்க்கில் நானூறு கிலோமீட்டர் தந்தன. செலவில் பெரிய வித்தியாசம் ஃபேரிங்தான். ஸ்போர்ட்ஸில் சின்னதாக விழுந்தாலும் பிளாஸ்டிக்குக்கே பணம் கரையும், அட்வெஞ்சரில் அடியைப் பாதுகாப்பு இரும்புக் கம்பி வாங்கிக்கொள்ளும்.

யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் தூரம் போவீர்கள், மற்ற நாளில் தனியாக மலைப்பக்கம் ஒரு சுற்று என்றால் ஸ்போர்ட்ஸே வாங்குங்கள், மணிக்கட்டு பொறுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஐந்நூறு கிலோமீட்டர், அதுவும் பின்னால் ஆளோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், அட்வெஞ்சர்தான். அதை வைத்து மண்பாதையில் இறங்கவே இல்லை என்றாலும் காசு வீணில்லை.

ஸ்போர்ட்ஸ் பைக்கை விற்பதாக வீட்டில் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரிடமும் விலையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.