விண்டோஸ், மேக், லினக்ஸ்: ஏழாவது வருடத்தில் எது உங்கள் பக்கம் நிற்கும்?

மேக் வாங்கலாமா, விண்டோஸ் லேப்டாப்பே போதுமா, இல்லை இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்? பிரவுசர், வீடியோ அழைப்பு, கடிதம் தட்டச்சு செய்வது போன்ற வேலைகளில் இன்று மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. திறந்த பக்கத்தை மூடும் பொத்தான் இடது மூலையிலா, வலது மூலையிலா என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திடம் ஒருநாள் "இனி உனக்கு அப்டேட் கிடையாது" என்று சொல்லிவிடுவதுதான் யாருக்கும் பழகாது. அதை யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

விண்டோஸ் 10 வந்தது 2015இல். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பத்து வருடம் குறைச்சல் இல்லை. சிக்கல் அடுத்த படியில் இருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்கிறது. ரேம் மட்டும் 4 ஜிபி இருந்தால் போதுமாம். ஆக, 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள ஏழாம் தலைமுறை லேப்டாப் வாசலிலேயே நிற்கும். 4 ஜிபியில் மூச்சுத் திணறும் புது மலிவு லேப்டாப் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். (4 ஜிபியை நம்பி வாங்காதீர்கள். 16க்குக் கீழே இறங்கவே வேண்டாம்.)

பழைய இயந்திரத்தை ஒதுக்கும் முன் ஒரு விஷயம். டிபிஎம் இல்லை என்று திரையில் வந்தால் அது உண்மையிலேயே இல்லை என்று அர்த்தமில்லை. கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். இன்டெல் இயந்திரத்தில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அது அணைந்து கிடக்கலாம். இயக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிராசஸர்தான் பழசு என்றால் இந்த வைத்தியம் பலிக்காது.

ஆனால் விண்டோஸிடம் ஒரு குணம் உண்டு. அதை மற்றவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பழைய மென்பொருளை அது லேசில் கைவிடாது. இருபது வருடத்துக்கு முன் எழுதிய 32 பிட் கணக்குப் புரோகிராம் விண்டோஸ் 11இல் ஓட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் முந்தைய 16 பிட் காலத்துச் சரக்குதான் ஓடாது. அலுவலகங்கள் விண்டோஸை விடாததற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

ஆப்பிளின் சுபாவம் இதற்கு நேர் எதிர். பழையதைத் தள்ளிவிடத் தயங்கவே தயங்காது. 1994இல் பவர்பிசி சிப்புக்கு மாறியது, 2006இல் இன்டெலுக்கு மாறியது, 2020 நவம்பரில் எம்1 என்ற சொந்தச் சிப்போடு வந்தது. நடுவில், 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் 32 பிட் செயலிகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டியது. இந்தத் துணிச்சலின் பலன் கண்ணெதிரே இருக்கிறது. எம்1 மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. பிராசஸர், கிராபிக்ஸ், ரேம் எல்லாம் ஒரே பொட்டலத்துக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருப்பதால் தரவு தூரம் ஓட வேண்டியதில்லை. மின்சாரச் செலவும் குறைகிறது. சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு நாள் முழுக்க வேலை செய்யலாம் என்பது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை.

அதற்கான விலையும் அதே பொட்டலத்துக்குள்தான் இருக்கிறது. வாங்கும் அன்று எத்தனை ஜிபி ரேம் எடுத்தீர்களோ, அந்த மேக்கின் ஆயுள் முழுக்க அவ்வளவுதான். மேக்புக்கில் எஸ்எஸ்டி நிலையும் கிட்டத்தட்ட அதுவே. இன்டெல் மேக் மினியின் கதையைப் பாருங்கள். 2018இல் வந்த அந்த மாடலை ஆப்பிள் 2023 ஜனவரி வரை விற்றது. 2025இல் வந்த டாஹோ என்ற மேக் இயங்குதளப் பதிப்பு அதை ஏற்கவில்லை. கடைசி மாதத்தில் வாங்கியவருக்கு மூன்று வருடம்கூட ஆகவில்லை. முந்தைய பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் கொஞ்ச காலம் வரும், அவ்வளவே. இன்டெல் மேக்குகளுக்கு டாஹோவே கடைசி என்று ஆப்பிள் அறிவித்தும்விட்டது. மேக் வாங்குவதானால் புது மாடல் வந்த சூட்டோடு வாங்க வேண்டும்; தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலில், நீங்கள் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பாதி ஆயுள் கழிந்திருக்கும்.

ரேம் விஷயத்தில் ஆப்பிளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கினேன். 'பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம்' என்பது என் கணக்கு. ஒரு வருடம் கழித்துப் புது ரேமை மேசையில் வைத்துக்கொண்டு, பின்பக்கத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியைத் திறந்தால், ஸ்லாட்டே இல்லை! நாலு கருப்புச் சில்லுகள் போர்டோடு பற்றவைக்கப்பட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ரேம் இன்னும் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.

சரி, லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 சிப் கொண்ட ஒரு கணினியில். அந்தச் சிப் 1985இல் வந்தது. அதற்கான ஆதரவை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலிருந்து நீக்க முடிவு செய்தது 2012இல். கணினி உலகில் இவ்வளவு பொறுமையை வேறெங்கும் பார்க்க முடியாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து வருடம் அப்டேட் உண்டு. அது முடிந்தால் அடுத்த பதிப்பு, அதுவும் இலவசம். விண்டோஸ் 11 வாசலில் நிறுத்திய அந்த ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் இன்னொரு லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருடம் தாராளமாக ஓடும்.

இங்கே வேறு ஒரு தலைவலி. ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு முடித்துப் பார்த்தால் வைஃபை வரவில்லை. வைஃபை வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். கடைசியில் போனைக் கேபிளில் செருகி, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்துத்தான் மீண்டேன். அதிலிருந்து ஒரு பழக்கம்: எதையும் அழிப்பதற்கு முன் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பேன். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வருகிறதா? மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் இயந்திரம் விழிக்கிறதா? பலரும் மறப்பது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுவதாக இருந்தால் விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க் குறியாக்கம் இயங்குவதே தெரியாமல் பலர் விண்டோஸ் 11 பயன்படுத்துகிறார்கள்.

மென்பொருள்தான் லினக்ஸின் பலவீனம். ஃபோட்டோஷாப் வராது. விளையாட்டுகளில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் புண்ணியத்தில் நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் ஆன்லைன் விளையாட்டுகள் சில இன்னும் கதவைத் திறப்பதில்லை. தமிழில் எழுதுபவர்களுக்குக் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் கிடைக்கிறது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் வந்த, இன்டெல், ஏஎம்டிக்குப் பதில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்புகள் பேட்டரியில் மேக்கோடு மோதுகின்றன. இன்டெல், ஏஎம்டி சிப்புக்காக எழுதிய செயலிகளைப் பிரிசம் என்ற மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் அந்த வித்தை டிரைவர்களிடம் செல்லாது. வீட்டில் பழைய பிரின்டரோ ஸ்கேனரோ இருந்தால் விசாரித்துவிட்டு வாங்குங்கள். கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்பான குரோம்புக்குக்கு இப்போது பத்து வருட அப்டேட் உண்டு. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அதன் வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

என் தேர்வைக் கேட்டால்: வெளியே சுற்றிக்கொண்டு வீடியோ தொகுப்பவர் மேக் எடுக்கலாம், ரேமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருளோ, அலுவலகத்தின் பழைய புரோகிராமோ இருந்தால் விண்டோஸ்தான், விவாதமே இல்லை. மற்றவர்களுக்கு நான் சொல்வது, ரேம் ஸ்லாட்டும் கழற்றக்கூடிய எஸ்எஸ்டியும் உள்ள ஒரு விண்டோஸ் லேப்டாப். விண்டோஸ் கைவிடும் நாளில் அதிலேயே லினக்ஸ் ஏறிக்கொள்ளும். மேக்கில் அந்த வழி குறுகல். ஆப்பிள் சிப்களில் அசாகி லினக்ஸ் எம்1, எம்2 மாடல்களில் ஓடுகிறது, புது சிப்களுக்கு அது வந்து சேர நாளாகும். ஸ்லாட் இருக்கிறதா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தளத்திலுள்ள சர்வீஸ் கையேட்டில் ரேம் கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.