மாலா-என் மாத்திரை: மறந்தால், வாந்தி எடுத்தால் எவ்வளவு தாங்கும்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருத்தடை மாத்திரையான மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21-இல் இரண்டு ஹார்மோன்கள்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியோல் 0.03 மில்லிகிராம். கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. சும்மா கிடைப்பதால் மட்டமான மருந்து என்று நினைக்க வேண்டாம்; மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கும் சில அட்டைகளிலும் இதே சேர்க்கை, இதே அளவுதான்.

சில மணி நேரத் தாமதத்தை இது நன்றாகவே தாங்குகிறது. இரவு 9 மணி மாத்திரையை மறுநாள் காலை போட்டாலும் பாதுகாப்பு குறையாது. ஒன்று முழுதாக விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். ஒரே நாளில் இரண்டு ஆகிவிடும், பரவாயில்லை. குமட்டல் கொஞ்சம் இருக்கலாம்.

தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டால்தான் சிக்கல். கடைசியாக விட்டதை மட்டும் உடனே போடுங்கள், அதற்கு முந்தியவற்றைத் தூக்கி எறியுங்கள். பிறகு தினம் ஒன்று. 7 நாள் விடாமல் போட்டு முடிக்கும்வரை ஆணுறை கட்டாயம். விட்டது 15 முதல் 21 வரையிலான மாத்திரைகளில் என்றால், இரும்பு மாத்திரைகளைத் தொடாமல் நேராக அடுத்த அட்டைக்குப் போய்விட வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. பலர் நடு அட்டையில் ஒன்று விட்டதற்குப் பதறுவார்கள். இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இரும்பு மாத்திரை போடும் 7 நாளும் சினைப்பைக்கு ஹார்மோன் தடை கிடையாது. அந்த இடைவெளி 8, 9 நாள் என்று நீண்டால் கருமுட்டை முதிர்ந்து வெளிவர வாய்ப்பு உண்டு. முதல் வாரத்தில் மாத்திரைகள் விட்டுப்போய், அதற்கு முந்தைய 5 நாளுக்குள் உறவும் இருந்திருந்தால் அவசர கருத்தடை மாத்திரை பற்றி உடனே கேளுங்கள். இரும்பு மாத்திரையை மறப்பதால் கருத்தடைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மறந்ததைப் போட்டு முடிக்கிறேன் என்று புது அட்டையைத் தள்ளிப்போடக் கூடாது.

உடம்பு சரியில்லாதபோது? காய்ச்சலோ சளியோ மாத்திரையை எதுவும் செய்யாது. போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். அதை வேறு அட்டையிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் நாள் கணக்கு குழம்பும். இதற்காகவே ஓர் அட்டை கூடுதலாகக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. கடும் வாந்தியோ பேதியோ 2 நாளுக்கு மேல் நீடித்தால், மாத்திரை உள்ளே போயிருந்தாலும் விட்டுப்போனதாகவே கணக்கு: முடிந்தவரை தொடர்ந்து போட்டு, குணமான பிறகும் 7 நாள் ஆணுறை.

அமாக்சிசிலின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக் மாலா-என்னைக் கெடுக்கும் என்ற பயம் தேவையில்லை. டிபி சிகிச்சையின் ரிஃபாம்பிசின் அப்படியல்ல. ஈரல் ஹார்மோனை வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும். எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் பலன் குறையும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் 4 வாரம் இந்தப் பாதிப்பு இருக்கும். வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபைனும் இதே ரகம். இந்த மருந்துகளைப் போடுபவர்களுக்கு மாலா-என் சரிவராது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி நல்ல மாற்று.

பிசகாமல் போட்டால் ஓராண்டில் 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது. நடைமுறையில் அது சுமார் 7 பேர். மறதியும் தாமதமும்தான் பெரும்பாலும் காரணம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிய புகைப்பழக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தினமும் நினைவு வைப்பது முடியாத காரியம் என்றால் சாயா என்ற கருத்தடை மாத்திரையைக் கேளுங்கள். இதுவும் அரசு தருவதுதான், ஹார்மோன் இல்லை, பாலூட்டுபவர்களும் போடலாம். முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மாதவிடாய் தள்ளிப்போவது இதில் சகஜம். ஒரு மாத்திரை விட்டு 7 நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போட்டு, அடுத்த மாதவிடாய்வரை ஆணுறை. 7 நாள் தாண்டினால் மறுபடி வாரம் இரண்டு என்று முதலிலிருந்து.